புது மோஜோ வரும்வரை காத்திருக்கலாமா? அப்பச்சியின் பாலி அதில் பொருந்துமா?

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, 71 வயது. 2018-ல் வாங்கிய கார்ட் மோஜோ என்னும் கையடக்க ஹெட்போன் பெட்டி, அதோடு சேர்ந்து கம்பியில்லாமல் கேட்க வைக்கும் பாலி, சென்ஹைசர் எச்டி 650 ஹெட்போன், ஒரு தோல் உறை, டப்பா நிறையக் கேபிள், இவ்வளவும் அப்பச்சியிடம் இருக்கின்றன. கேட்பது பெரும்பாலும் பழைய நாகஸ்வர இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றிய பதிவுகள். இப்போதெல்லாம் மோஜோ இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லையாம். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி பொங்கலுக்கு வருகிறார். மோஜோ 2 வாங்கி வரச் சொன்னால், "அதைவிட நல்லது வரப்போகுது, பொறுத்திரு" என்கிறாராம். புதிது வந்தால் பாலி, உறை, கேபிள் எல்லாம் வீணா என்பது ஆச்சியின் கேள்வி. "அப்பச்சி எதை விட்டாலும் பாலியை விடமாட்டார்" என்றும் சேர்த்திருக்கிறார்.

ஆச்சி, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த இரண்டு மணி நேரம்தான். புதிதில் எட்டு மணி நேரம் பாடிய பெட்டி இந்த அளவுக்கு இறங்கியிருந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. இதில் யார் மேலும் குற்றமில்லை. லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் தேயும். சூடு பட்டால் இன்னும் வேகமாகத் தேயும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், முழு சார்ஜோடு தோல் உறைக்குள் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். உறையைக் கழற்றி, பாலியையும் கழற்றி, மோஜோவை மட்டும் ஆத்தங்குடிக் கல் தரையில் மட்டமான இடமாகப் பார்த்து வையுங்கள். ஒவ்வொரு மூலையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடக் கூடாது. அப்புறம் அலுமினியக் கூட்டின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிலும் பாருங்கள். ஒரே அளவாக ஓட வேண்டிய கோடு ஓரிடத்தில் மட்டும் அகன்றிருந்தால் உள்ளே பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கலாம். அப்படியிருந்தால் அதற்கு மேல் சார்ஜ் போட வேண்டாம், அப்பச்சியின் கட்டில் பக்கத்தில் வைக்கவும் வேண்டாம். குத்திப் பார்ப்பதோ குப்பையில் போடுவதோ கூடவே கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் சேர்க்க வேண்டும்.

காரைக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு பேட்டரி அந்நியமான சங்கதி இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பேட்டரி ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. அந்த வளாகத்தைத் தாண்டும்போதெல்லாம், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொட்டலத்துக்குள் இத்தனை வேதியியலா என்று எனக்கு ஆச்சரியமாகவே இருக்கும்.

பேட்டரி உப்பவில்லை, வெறுமே தேய்ந்திருக்கிறது என்றால் அதை மட்டும் சர்வீஸில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் புதிதுக்குக் காத்திருக்க அவகாசம் கிடைக்கும். உப்பியிருந்தால் காத்திருக்கும் பேச்சே வேண்டாம்.

சரி, பாலிக்கு வருவோம். முதல் மோஜோ 2015-ல் வந்தது. அது வெறும் டேக், அதாவது டிஜிட்டல் பாட்டைக் அனலாக் மின் அலையாக மாற்றி ஹெட்போனுக்குத் தள்ளும் பெட்டி. போனோடு கேபிள் போட்டுத்தான் கேட்க வேண்டும். அந்தக் கேபிள் தொல்லையைத் தீர்க்கத்தான் பாலி 2017-ல் வந்தது. வைஃபை, புளூடூத், மெமரி கார்டு மூன்றும் அதில் உண்டு. மோஜோவின் ஒரு பக்கத்தில் இருக்கிற மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டுகளில் பாலியின் பின்களை நேராகச் சொருகினால் இரண்டும் ஒரே பெட்டியாகிவிடும். 2022 ஜனவரியில் மோஜோ 2 வந்தபோது, கூடு அதே அளவு, மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டுகளும் அதே இடம். பாலி வைத்திருப்பவர்கள் கைவிடப்படக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஆகவே அப்பச்சியின் பாலி மோஜோ 2-ல் பொருந்தும்.

இதில் ஒரு சங்கதியைத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மோஜோ 2-ல் டைப்-சி போர்ட் ஒன்று கூடுதலாக இருக்கிறது, ஆனால் அது பாட்டு போக மட்டும்தான். சார்ஜ் ஏறுவது பழையபடி மைக்ரோ யுஎஸ்பி வழியேதான். டைப்-சியில் இரவு முழுக்கச் சார்ஜரைச் சொருகி வைத்துவிட்டு, காலையில் பெட்டி உயிரோடில்லை என்று பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. அப்பச்சியிடம் இருக்கிற மைக்ரோ யுஎஸ்பி கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் இனி வரப்போகிற பெட்டி? வதந்தியைப் பார்க்காதீர்கள், போர்ட்டைப் பாருங்கள். பாலி பொருந்துவது பெயரில் இல்லை, அந்த மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டுகளிலும் அவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளியிலும்தான். உலகமோ டைப்-சிக்குப் போய்விட்டது. 28 டிசம்பர் 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் போன், டேப்லெட், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் டைப்-சி சார்ஜ் கட்டாயம். அதே காலத்தில் ஒரு கம்பெனி கையடக்கப் பெட்டியைப் புதிதாக வடிவமைத்தால், மைக்ரோ யுஎஸ்பியை விட்டுவிடத்தான் பார்க்கும். விட்டுவிட்டால் பாலிக்குச் சொருக இடமில்லை. அடாப்டர் போட்டு ஒட்டவைக்கலாமா என்று கேட்பீர்கள். நான் சொல்லமாட்டேன். இரண்டு பெட்டியும் ஒன்றோடொன்று இறுகி நிற்கத்தான் அந்தப் பின்கள். நடுவே கேபிள் தொங்கினால் அப்பச்சிக்குப் பாலி பிடித்த காரணமே போய்விடும்.

அதனால் தம்பி சொல்வது தம்பிக்குச் சரியாக இருக்கலாம், அப்பச்சிக்குச் சரி இல்லை. பாலியை விடமாட்டார் என்றால் காத்திருப்பதில் லாபத்தைவிட நஷ்டம் கூடுதல்.

பாலியை அவர் ஏன் விடமாட்டார் என்று எனக்குப் புரிகிறது. நம் ஊர் வீடுகளின் சுவரில் கம்பியில்லா அலை தத்தளிக்கும். முகப்பில் ரூட்டர் இருந்தால் இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் அலை பாதி செத்துவிடும். பாலி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் பேசும். அது ஒரு வகையில் நல்லது. 5 கிகாஹெர்ட்ஸைவிட அது சுவரை நன்றாகத் துளைக்கும். ரூட்டரில் இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துப் பாலியை அதில் சேருங்கள். பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும். அதுவும் எட்டவில்லை என்றால் பாலியின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, மெமரி கார்டில் பாட்டை ஏற்றி, போனை ரிமோட் மாதிரி வைத்துக்கொள்ளலாம். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்பவருக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை.

பாலியைக் கழற்றும்போது மட்டும் கவனம். இடவலமாக ஆட்டி இழுக்கக் கூடாது. இரண்டு பெட்டியையும் தரையில் வைத்து, நேர்கோட்டில் மெதுவாகப் பிரிக்க வேண்டும். மைக்ரோ யுஎஸ்பி போர்ட் மெல்லிசான தகடு. அவசரத்தில் ஒருமுறை நான் ஆட்டி இழுத்த பிறகு என் பெட்டியின் போர்ட் தளர்ந்து, சார்ஜ் விட்டு விட்டு ஏறத் தொடங்கியது. அந்தத் தவறை அப்பச்சி செய்ய வேண்டாம்.

கேபிள் டப்பாவை மேசையில் கொட்டுங்கள். பாதி கேபிள் சார்ஜுக்கு மட்டும் ஆனதாக இருக்கும், உள்ளே பாட்டு போகும் கம்பியே இருக்காது. போனிலிருந்து மோஜோவுக்குப் போட்டுப் பாட்டு வராதவற்றைத் தனியே எடுத்து, சார்ஜுக்கு என்று ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். ஐபோன் என்றால் 2023-ல் வந்த 15-லிருந்து டைப்-சிதான், நேராகக் கேபிள் போடலாம். அதற்கு முந்தையவற்றுக்கு ஆப்பிளின் கேமரா அடாப்டர் நடுவே வேண்டும்.

ஆண்ட்ராய்டு போனில் ஒரு வேடிக்கை பாருங்கள். மோஜோவின் பவர் பந்து (அதன் பொத்தான்கள் பந்து வடிவம்), வரும் பாட்டின் சாம்பிள் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை துணுக்குகள் என்பதை, நிறத்தில் சொல்லும். சிடி தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் சிவப்பு, 48 என்றால் ஆரஞ்சு. சிடியிலிருந்து எடுத்த பதிவைப் போட்டும் பந்து ஆரஞ்சாக எரிந்தால், போன் நடுவில் புகுந்து பாட்டை 48-க்கு மாற்றி அனுப்புகிறது என்று அர்த்தம். யுஎஸ்பிக்கு நேராக அனுப்பும் பிளேயர் ஆப் ஒன்றைப் போட்டால் பந்து சிவப்பாகிவிடும். இதை அப்பச்சிக்குக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் மனுஷர் விடமாட்டார்.

உறை விஷயம் சுருக்கமாக: பழைய மோஜோவில் மூன்று பந்துகள், மோஜோ 2-ல் நான்கு. மூன்றுக்கு வெட்டிய உறை நான்காவதை மறைத்துவிடும். உறை போனால் போகட்டும். இந்தப் பெட்டி ஓடும்போது நன்றாகவே சுடும், கூடுதான் அதன் விசிறி. வீட்டில் கேட்கும்போது உறையில்லாமல் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வைப்பதே நல்லது. கல் சூட்டை வாங்கிக்கொள்ளும். வளவில் வெயில் இறங்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

ஹெட்போனுக்கு வந்தால், எச்டி 650 300 ஓம். அதைப் பழைய மோஜோவே நன்றாகத் தள்ளும், மோஜோ 2-ம் தள்ளும். அதன் தடித்த 6.3 மில்லிமீட்டர் முனைக்கு ஒற்றைத் துண்டு உலோக அடாப்டர் போட்டால் அந்தக் கனம் முழுவதும் சின்ன போர்ட்டில் தொங்கும். இரண்டு விரல் நீளக் கேபிள் வைத்த அடாப்டர் வாங்குங்கள். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு கேபிள் (இடது வலது இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி வைத்தது) நல்லது என்று யாராவது சொன்னால், திசையை மறக்காதீர்கள். 4.4 முனை கொண்ட ஹெட்போனை அடாப்டர் வைத்து மோஜோவின் 3.5 போர்ட்டில் போடுவதில் ஆபத்தில்லை. பேலன்ஸ்டு பெட்டியின் 4.4 போர்ட்டில் சாதாரண 3.5 ஹெட்போனை அடாப்டர் வைத்துப் போடுவது வேறு கதை. இடது வலது இரண்டின் எதிர்முனைகளும் உள்ளே ஒன்றாகித் தொட்டுக்கொண்டு ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போய்விடலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பழைய மோஜோவில் இரண்டு வால்யூம் பந்துகளையும் சேர்த்து அழுத்திக்கொண்டு பவர் போட்டால் லைன் அவுட் ஆகிவிடும், 3 வோல்ட் நேராக வரும். இரண்டு பந்தும் ஒரே வெளிர்நீலமாக எரியும். பெரிய ஆம்ப்போடு இணைக்க அது சரி. ஹெட்போன் காதில் இருக்கும்போது வந்தால் காது என்னாவது? முதலில் பந்தின் நிறத்தைப் பார், அப்புறம் ஹெட்போனை மாட்டு என்பதை அப்பச்சிக்குப் பழக்கமாக்குங்கள்.

மோஜோ 2-ல் அவருக்கு உண்மையிலேயே உதவப்போவது எது என்று கேட்டால், கிராஸ்ஃபீட் இல்லை. அது இடது காதின் ஒலியில் கொஞ்சத்தை வலதுக்கும், வலதிலிருந்து இடதுக்கும் கலக்கும் வசதி. நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் காலத்து இசைத்தட்டு மோனோ. இரண்டு காதிலும் ஒன்றே வரும்போது கலந்தால் என்ன, கலக்காவிட்டால் என்ன? உதவப்போவது அதன் டோன் திருத்தம். நாலு இடங்களில், ஒரு டெசிபெல் படிப்படியாக ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். இசைத்தட்டின் கரகரப்பைக் கொஞ்சம் தணிக்கலாம். வயதானால் முதலில் மங்குவது மேல்ஸ்தாயிக் கேள்விதான். வால்யூமைக் கூட்டாமல் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மூன்று படி ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நாகஸ்வரச் சீவாளியின் அந்தக் கூர்மை திரும்பி வரும். தட்டின் கரகரப்பும் கூடவே கொஞ்சம் ஏறும். எங்கே நிறுத்துவது என்று அவர் காது சொல்லும்.

எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வைத்திருப்பவர்களுக்காக, பேட்டரியைப் பாதுகாக்கும் டெஸ்க்டாப் முறையும் மோஜோ 2-ல் இருக்கிறது. ஊஞ்சல் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு பிளக் இருந்தால் அது பெரிய ஆறுதல்.

தம்பிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். பில்லில் பெட்டியின் வரிசை எண் எழுதி வாங்கட்டும், இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று கடைக்காரரிடம் கேட்கட்டும். பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திருப்பி, போர்ட் இருக்கும் பக்கத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். அப்பச்சியிடம் பாலியைக் கையில் கொடுத்துவிட்டு அந்தப் போட்டோவைப் பக்கத்தில் பிடியுங்கள். பாலியின் பின்களுக்கு நேராக அந்த மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டுகள் தெரிந்தால் வாங்கச் சொல்லுங்கள். டைப்-சி மட்டும்தான் தெரிகிறது என்றால், எவ்வளவு புதிதாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.