பரணிலிருந்து இறங்கிய கம்ப்யூட்டர்: கேள்வி-பதில்

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போதுதான் பழைய கம்ப்யூட்டரின் ஞாபகம் எல்லோருக்கும் வருகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் சில.

தண்டையார்பேட்டை வாசகர்: அப்பா 2009-ல் வாங்கிய டெஸ்க்டாப் எட்டு வருடமாகப் பரணில் கிடக்கிறது. அப்படியே பிளக்கைச் சொருகி ஆன் செய்யலாமா?

வேண்டாம். ஒரு சாயங்காலம் பொறுங்கள். நம் வடசென்னைப் பக்கத்தில் தூசியைவிடப் பெரிய எதிரி உப்புக் காற்று. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், ஸ்க்ரூ தலைகள் துருவேறியிருந்தால் உள்ளே இருக்கும் கனெக்டர்களும் ஓரளவு அரித்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எலி கடித்த ஒயர், கரப்பான் முட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒருமுறை எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளிருந்து (வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) காய்ந்த பல்லி ஒன்றை எடுத்தேன். அது படுத்திருந்த இடத்தைப் பார்த்தால், ஆன் செய்திருந்த கணமே வெடித்திருக்கும். (நீங்கள் எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள். அந்த வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள்.)

காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். மதர்போர்டில், அதாவது உள்ளே எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய சர்க்யூட் போர்டில், சின்ன டப்பா போல நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் விளையாட்டாக 115-க்குத் தள்ளியிருந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம்: முதல் தடவை ஆன் செய்யும்போது ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றி வைத்துவிடுங்கள். பெட்டி போனால் வேறு பெட்டி கிடைக்கும், அப்பாவின் போட்டோக்கள் கிடைக்காது. தெரு எலெக்ட்ரீஷியனிடம் சீரிஸ் போர்டு (கரண்ட்டை ஒரு குண்டு பல்ப் வழியாக அனுப்பும் போர்டு) இருந்தால் அது வழியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். பல்ப் ஒரு மின்னு மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட்.

ராயபுரம் வாசகி: ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. பீப் பீப் என்று கத்துகிறது.

பெரும்பாலும் ரேம்தான், மதர்போர்டில் சொருகியிருக்கும் மெமரிப் பட்டை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்ட்டை வடியவிட்டு, ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

பெரம்பூர் வாசகர்: ஒருவழியாக ஓடுகிறது. ஆனால் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது.

குற்றவாளி அநேகமாகச் சுவரில் இருக்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயில் லைனுக்கும் பாடிக்கும் நடுவே குட்டிக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியாகக் கசிவது எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பாடியில் பாதி வோல்ட்டேஜ் நிற்கும். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. எர்த்தைச் சரிசெய்யும்வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். எர்த் வந்த பிறகும் அடித்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டும்.

எண்ணூர் வாசகர்: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மூழ்கியது. காயவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். ஆன் செய்து பார்க்கலாமா?

கூடவே கூடாது. அந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை உண்டு, தண்ணீர் அதன் வழியாக இறங்கியிருக்கலாம். டிஸ்க் சுழலும்போது அதைப் படிக்கும் முனையான ஹெட் அதை ஒட்டி, தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அங்கே ஒரு உப்புத் துகள் போதும், டிஸ்க்கைச் சுரண்டிவிடும். உள்ளே இருப்பது அவசியமானதென்றால் டேட்டா மீட்கும் இடத்துக்கு அப்படியே கொண்டு போங்கள், "தண்ணீரில் மூழ்கியது" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகி: தாத்தா தமிழில் டைப் செய்த ஃபைல்களைப் புது லேப்டாப்பில் திறந்தால் கிறுக்கலாக இங்கிலீஷ் எழுத்துகள்தான் வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவும் முன்பு ஒவ்வொரு ஃபான்ட்டும் ஒவ்வொரு பாஷை பேசியது. பாமினி ஒரு விதம், டிஸ்கி இன்னொரு விதம். 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்த பிறகு அரசு டாம், டாப் என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியது. அப்போதும் ஆளுக்கொரு ஃபான்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாத்தாவின் கம்ப்யூட்டரில் சி டிரைவ், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதை முழுதாகக் காப்பி செய்து, அதிலுள்ள தமிழ் ஃபான்ட்டைப் புது லேப்டாப்பில் போடுங்கள். தாத்தாவின் எழுத்து திரும்பி வரும். அப்புறம் நிதானமாக ஒரு எழுத்துரு மாற்றியில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். அவசரப்பட்டு ஃபார்மட் செய்தவர்கள் என்னிடம் வந்து நிற்கும்போது, எந்த ஃபான்ட் என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடுகிறது.

வியாசர்பாடி வாசகர்: ஆன் ஆகிறது. தேதி மட்டும் பல வருடம் பின்னால் காட்டுகிறது, எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை.

மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட். தேதி தப்பாக இருப்பதால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழை உங்கள் கம்ப்யூட்டர் நம்ப மறுக்கிறது. ஆனால் உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி என்றால் பேட்டரி மாற்றிய பிறகும் நெட் பக்கம் போகாதீர்கள். அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.