போரின்போது பக்கத்து நாட்டுக்குள் படை ஏன் புகுகிறது? 1970 கம்போடியா ஒரு விளக்கம்

எதிரியின் கிடங்கையோ முகாமையோ அழிக்க, அண்டை நாட்டு எல்லைக்குள் குறுகிய காலம் புகுந்து திரும்புவதே எல்லை தாண்டிய படை நுழைவு. நிலத்தைப் பிடித்துவைப்பது நோக்கமல்ல.

வியட்நாம் போரில் வட வியட்நாம் படைகள் கம்போடிய எல்லையோரக் காடுகளில் அரிசியும் ஆயுதமும் சேர்த்து, தென் வியட்நாமில் தாக்கிவிட்டு அங்கே திரும்பிவிடும். மும்பையில் மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் நம் வீட்டுத் தரையைத் துடைத்து என்ன பயன்? மேலே போய் வால்வை மூடத்தான் தோன்றும். 1970 ஏப்ரல் இறுதியில் தென் வியட்நாமும் அமெரிக்காவும் அதைத்தான் செய்தன, வீட்டுக்காரரைக் கேட்காமலே. கம்போடியத் தலைவர் லோன் நோலுக்கு முன்கூட்டித் தகவல் இல்லை.

அமெரிக்கப் படைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழம், ஜூன் 30 கெடு என்று அமெரிக்க அதிபர் நிக்சன் வரம்பு வைத்தார். ஆயிரக்கணக்கான டன் அரிசி சிக்கியது. ஆனால் எதிரி மேற்கே நகர்ந்துகொண்டான். போர் கம்போடியாவின் உட்பகுதிக்குப் பரவியது; விலை கொடுத்தவர்கள் அங்கிருந்த கிராம மக்கள். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்போடியா மீதான அமெரிக்கத் தாக்குதல் 1970இல்தான் தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் பி-52 விமானங்களின் ரகசியக் குண்டுவீச்சு 1969 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது.