பிஎச்பி படிவம் தமிழ்ப் பெயரை 'மிக நீளம்' என்று திருப்புவது ஏன்?

பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்தும் 'தமிழ்ச்செல்வி' என்ற பெயரைப் படிவம் ஏற்கவில்லை என்கிறீர்கள். பெயரில் குற்றமில்லை. நீளத்தை அளக்க நீங்கள் பயன்படுத்தும் பிஎச்பி செயற்கூறான 'ஸ்ட்ர்லென்' (strlen) எழுத்துகளை அல்ல, அவற்றைச் சேமிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் இந்தப் பெயர் 13 குறியீடு, 39 பைட். 'எம்பி' முன்னொட்டுள்ள ஸ்ட்ர்லென் (mb_strlen) 13 என்று சொல்லும். நாம் கண்ணால் எண்ணும் 7 வேண்டுமானால், பிஎச்பியின் இன்டல் (intl) நீட்சியில் உள்ள 'கிராஃபீம்' முன்னொட்டுள்ளதைப் (grapheme_strlen) பயன்படுத்துங்கள்.

எந்த எழுத்துகளை ஏற்பது என்று சொல்லும் ரெஜெக்ஸ் வடிவத்தை எழுதும்போதும் கவனம் தேவை. யூனிகோடில் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால் புள்ளியும் துணைக்குறிகளும் வெளியே நின்றுவிடும்; அவை 'குறி' வகையைச் சேர்ந்தவை. ஒருவர் தம் பெயரைத் தம் மொழியில் எழுத முடியாத படிவத்தை நான் முடிந்த படிவமாகவே கருதுவதில்லை.

வரம்பை உலாவியில் சோதித்தாலும் சர்வரில் மறுபடி சோதியுங்கள். படிவத்தைத் திறக்காமலேயே எவரும் கோரிக்கை அனுப்பலாம். தரவுத்தளத்தில் சேர்க்கும்போது பெயரை எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) வரியோடு ஒட்டாமல், முன்தயாரித்த வினவலுக்கு (prepared statement) தனி மதிப்பாகக் கொடுங்கள்.