லீவு எப்போது என்று முதலில் சொல்லுங்கள், ஊரை அப்புறம் பார்ப்போம்

கேள்வி: வீட்டில் நான், கணவர், 9 வயது மகள், 67 வயது மாமியார். நால்வருக்கும் சேர்ந்தாற்போல லீவு அமைவது ஆண்டுக்கு மூன்று முறைதான்: மே மாதம் பத்து நாள், செப்டம்பர் கடைசியில் ஒரு வாரம், டிசம்பர் கடைசியில் ஒரு வாரம். எந்த ஊரைத் தேடினாலும் ‘அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம்’ என்றே வருகிறது. நவம்பர் தாய்லாந்துக்கு நல்ல சீசன் என்று நம்பி, ஒருமுறை கெஞ்சி லீவு வாங்கிக்கொண்டு கோ சாமுய் தீவுக்குப் போனோம். ஐந்து நாளில் நான்கு நாள் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. எந்த மாதம் எங்கே போவது என்று எப்படித்தான் முடிவு செய்வது?

பதில்: அந்த நான்கு நாள் மழையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. நவம்பரில் ஃபுக்கெட் பக்கம் மழை ஓய்ந்து கடல் அடங்கத் தொடங்கிவிடும். ஆனால் கோ சாமுய்யில் ஆண்டிலேயே அதிக மழை கொட்டுவது அதே நவம்பரில்தான். இரண்டும் ஒரே நாடு, விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம். நடுவில் ஒரு தீபகற்பம், அதன் நெடுக மலை. மே முதல் அக்டோபர் வரை காற்று தென்மேற்கிலிருந்து வரும். அந்தமான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குக் கரையில், அதாவது ஃபுக்கெட், கிராபி பக்கம் கொட்டும். ஆண்டுக் கடைசியில் காற்று திரும்பிவிடும். வடகிழக்கிலிருந்து வந்து, தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து, கிழக்குக் கரையில் கொட்டும். அப்போது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபுக்கெட்டில் வெயில். நீங்கள் மாதத்தைச் சரியாகத்தான் பிடித்தீர்கள், கரைதான் மாறிப்போனது.

இதே கதை மலேசியாவில் உண்டு. கிழக்குக் கரையில் இருக்கும் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். மேற்கே லங்காவியில் அப்போதுதான் சீசன் களைகட்டும். இலங்கையில் டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்கே காலி நகரின் பக்கம் நன்றாக இருக்கும், மே முதல் செப்டம்பர் வரை கிழக்கே திருகோணமலைப் பக்கம் நன்றாக இருக்கும். ஆகவே ‘இலங்கைக்கு எப்போது போகலாம்’ என்பதே தவறான கேள்வி. ‘இந்த மாதம் இலங்கையில் எந்தக் கரை’ என்று கேட்டால் விடை கிடைக்கும். சுற்றுலாக் கையேடுகள் ஒரு நாட்டுக்கு ஒரு சீசன் என்று எழுதிவிடுகின்றன. அந்த ஒரு வரியை நம்பி எத்தனை குடும்பங்களின் லீவு வீணாகிறது என்று பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

கரையைப் பற்றிச் சொன்னது மலைக்கும் பொருந்தும். ஜூலையில் இமயத்தின் தெற்குச் சரிவில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றும். அதே இமயத்தைத் தாண்டினால் லடாக், ஸ்பிதி, நேபாளத்தின் முஸ்டாங் எல்லாம் மழை மறைவுப் பகுதிகள், மழையை மலை மறித்துவிடும். அங்கே சாலை திறந்து, வானம் வெளுத்து, போக வரத் தோதான காலம் அதுதான். எந்த ஊரானாலும் நான் முதலில் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, நடுவில் மலை இருக்கிறதா என்று பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது, அங்கே எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பது. நல்ல சீசன் என்ற ஒன்று தனியாகக் கிடையாது. எதற்கு நல்லது என்று சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவில் ஜாம்பேசி ஆற்றின் விக்டோரியா அருவிக்கு முதல் முறை நான் ஏப்ரலில் போனேன். ஆண்டிலேயே நீர் அதிகம் வரும் மாதம், அதனால் அருவி மிக அழகாக இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எதிர்க்கரைப் பாதையில் நின்றால் முன்னால் வெள்ளைச் சுவர். கீழேயிருந்து சாரல் மேல்நோக்கி மழையாக அடிக்கிறது. மழைக்கோட்டின் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கேமராவை வெளியே எடுக்க வழியில்லை. நூறு மீட்டருக்கு மேல் ஆழமுள்ள பள்ளம் காலடியில் இருக்கிறது, அதன் விளிம்புகூடக் கண்ணில் படவில்லை. காதில் இரைச்சல் மட்டும். பிறகு ஒரு செப்டம்பரில் மறுபடி போனபோதுதான் அந்தப் பாறையும் பள்ளமும் விழும் நீரும் தனித்தனியாகத் தெரிந்தன. இன்னும் தள்ளி அக்டோபர், நவம்பரில் போனால் ஜாம்பியா பக்கத்தில் பெரும்பகுதி வெறும் பாறையாகிவிடும். இரைச்சலையும் சாரலையும் உடம்பால் உணர வேண்டுமென்றால் ஏப்ரல். கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டும் செப்டம்பரும்.

பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைக்கும் இதே கணக்குதான். வானத்தைக் கண்ணாடிபோலக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற படங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை, மழைத் தண்ணீர் தேங்கும்போது எடுத்தவை. ஜூலையில் போனால் அறுகோணம் அறுகோணமாக வெடித்த உப்புத்தரை கிடைக்கும். போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ ஆறு பாயும் சமவெளி இதைவிட வியப்பானது. அங்கோலா மலைகளில் ஆண்டுத் தொடக்கத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்துவந்து, உள்ளூரில் ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் அந்தச் சமவெளியை நிரப்பும். மழை அட்டவணையை மட்டும் பார்ப்பவர் அங்கே அப்போது வறட்சி என்று நினைத்துவிடுவார்.

அட்டவணை என்று சொன்னதால் அதை எப்படிப் படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். வானிலை நிலையங்கள் தரும் மாத சராசரி என்பது முப்பது ஆண்டுகளின் சராசரி. இப்போது புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரையிலான கணக்கு. அதில் எல்லோரும் பகல் வெப்பத்தையும் மொத்த மழையையும் மட்டும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது மழை நாட்களின் எண்ணிக்கையை. மாதத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை எட்டு நாளில், மாலை நேரத்தில் அடித்துவிட்டுப் போனால் காலை முழுவதும் உங்கள் கையில் இருக்கும். அதே 200 இருபது நாளில் நசநசவென்று தூறினால் லீவு போயிற்று. அடுத்து இரவு வெப்பம், குழந்தையும் பெரியவரும் வருகிறார்களே. பிறகு பகல் எத்தனை மணி நேரம் என்பது. டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நாலு மணிக்கு இருட்டிவிடும். ஜூனில் அதே ஊரில் பதினாறரை மணி நேரம் வெளிச்சம். டிக்கெட் ஒரே விலைக்குக் கிடைத்தாலும் டிசம்பரில் ஊரைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் பாதிதான்.

மலையூர் என்றால் இன்னொரு கணக்கு: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். சமவெளியில் 36 டிகிரி என்றால் 2,000 மீட்டர் உயரத்தில் 23 வரை இறங்கும். கோடையில் எவ்வளவு உயரம் போதும் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம். அதற்கு மேல் ஏறுவது மூச்சுக்குத்தான் சிரமம்.

இனி உங்கள் மூன்று லீவுக்கு வருகிறேன்.

மே மாதம் பலர் நினைப்பதைவிட நல்ல மாதம். வடக்கே வசந்தம் முடியும் நேரம், பெருங்கூட்டம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது உஸ்பெகிஸ்தான். சமர்கந்து, புகாரா இரண்டும் சமதரை, தாஷ்கண்டிலிருந்து அதிவேக ரயில் இருக்கிறது. ஜூலையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊர் மேயில் இதமாக இருக்கும், மாதத்தின் முதல் பாதி இன்னும் நல்லது. ஜப்பானும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வாக்கில் வரை அங்கே ‘கோல்டன் வீக்’ விடுமுறை, அந்த நாட்டுக்காரர்களே ரயில் ரயிலாகக் கிளம்பிவிடுவார்கள். அது கழிந்த பிறகு, ஜூன் முதல் பாதியில் மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்வந்துவிடுங்கள். செர்ரிப் பூ முடிந்திருக்கும் என்று வருந்த வேண்டாம். பூவை நம்பித் தேதி குறிப்பது வரவரச் சிரமமாகிக்கொண்டே போகிறது. கியோட்டோவில் 2021-ல் மார்ச் 26-ஆம் தேதியே பூத்துக் குலுங்கியது. அதுவரையிலான 1,200 ஆண்டுப் பதிவுகளில் அவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை. கடல் வேண்டுமென்றால் பாலியில் அப்போது வறண்ட பருவம் தொடங்கியிருக்கும். திருகோணமலையும் சரியாக வரும்.

மேயில் லடாக் போகலாமா என்று எப்படியும் யாராவது கேட்பார்கள். லே நகரமே 3,500 மீட்டர். விமானத்தில் போய் நேராக இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையில் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். சாலை வழியாக ஏறலாம் என்றால், மேயில் மணாலிப் பாதையில் பனி முழுவதும் விலகியிருக்கும் என்று சொல்ல முடியாது. மாமியாரோடு இது வேண்டாம். நீங்கள் மட்டும் போவதானாலும் ஜூலை, ஆகஸ்டுக்குத் தள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாரம் உலகமே லீவில் இருக்கும், எங்கே போனாலும் விலை உச்சத்தில்தான். ஃபுக்கெட், லங்காவி, காலி மூன்றிலும் வானிலையைப் பெரும்பாலும் நம்பலாம். எகிப்து இன்னும் நல்லது. லக்சரில் பகலில் 23 டிகிரி வாக்கில் இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். நைல் நதியில் படகிலேயே தங்கிப் போனால் ஊருக்கு ஊர் பெட்டி தூக்க வேண்டியதில்லை, மாமியாரின் முட்டிக்கும் நல்லது. நியூசிலாந்தில் அப்போது கோடைதான். அந்த ஊர்க்காரர்களுக்கும் அதே லீவு என்பதால் ஆறு மாதம் முன்பே அறை பிடிக்க வேண்டும், தொலைவை நினைத்தால் ஒரு வாரமும் போதாது. துருவ ஒளி பார்க்க நார்வேயின் ட்ரோம்சோ என்று மகள் கேட்டால், நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை அங்கே சூரியனே எழாது என்பதைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது வேடிக்கையாகவும் இருக்கலாம், மூன்றாம் நாள் அழுகையாகவும் முடியலாம். வட இந்தியச் சமவெளி வழியாக மாறிப்போகும் விமானம் எடுக்காதீர்கள். அந்த நாட்களின் மூடுபனியில் விமானமும் ரயிலும் மணிக்கணக்கில் தாமதமாகும்.

செப்டம்பர் கடைசிதான் உங்கள் கையில் இருக்கும் பொக்கிஷம். முதலில் எங்கே போகக் கூடாது என்று: கரீபியக் கடல் பக்கம் வேண்டாம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதன் உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். தைவான், பிலிப்பைன்ஸ், தெற்கு ஜப்பான் பக்கமும் புயல் காலம். எங்கே போனாலும் பயணக் காப்பீட்டை டிக்கெட் எடுத்த அன்றே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது.

போக வேண்டியது மத்தியதரைக் கடல் பக்கம். இதற்குக் காரணம் உண்டு. வெயில் உச்சம் ஜூன் 21 என்றாலும் கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். கிரேக்கத்தின் கிரீட் தீவில் மே மாதக் கடல் 19, 20 டிகிரி. குழந்தை காலை வைத்ததும் ஓடிவந்துவிடும். செப்டம்பரில் அதே கடல் 24, 25. ஜூலை, ஆகஸ்டின் கொடும் வெயிலும் போயிருக்கும். 2023 ஜூலையில் வெப்ப அலை தாங்காமல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸையே நண்பகலில் மூடினார்கள். அதே மாதம் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீயால் ஆயிரக்கணக்கான பயணிகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பள்ளிகள் திறந்துவிடுவதால் செப்டம்பர் கடைசியில் கூட்டமும் குறையும். படகுகளும் விடுதிகளும் அக்டோபர் வரை இயங்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவையென்றால் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், மே பயணம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கிரீட் என்று முடிவானால் சமாரியா பள்ளத்தாக்கை விட்டுவிடுங்கள், அது 16 கிலோமீட்டர் இறக்கம், முட்டிக்கு ஆகாது. அந்தத் தீவின் சானியா நகரில் துறைமுகத்தை ஒட்டி அறை எடுத்தால் மாலையில் கரையோரமாகவே நடந்துவிட்டு வரலாம். ஒரு நாள் காரில் எலஃபோனிசி கடற்கரைக்குப் போங்கள். வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை, மகளுக்கு வாந்தி மாத்திரை கொடுத்துவிடுங்கள். அங்கே கரையிலிருந்து வெகுதூரம் வரை கடல் ஆழமே இல்லை. மாமியார் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போகலாம், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.