சுவருக்குள் மீன் தொட்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டைப் புதுப்பிக்கிறோம். கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள சுவரை உடைத்து, இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி நாலடி மீன் தொட்டி பதிக்க ஆசை. மாமனார் "சுவர் தாங்காது" என்கிறார். கணவர் "ஜன்னல் வைக்கிற மாதிரிதானே, தாங்கும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மாமனார் சொல்வதுதான் சரி. அதற்காகத் தொட்டி ஆசையை விட்டுவிட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீரே 250 கிலோ ஆயிற்று. 10 மி.மீ. கண்ணாடி ஒரு 50 கிலோ, அடியில் பரப்பும் மணலும் கல்லும் இன்னொரு 50 கிலோ. மொத்தம் 350 கிலோ. ஐந்து பெரியவர்கள் ஒரே இடத்தில் இரவு பகலாக நிற்பதற்குச் சமம். இதை உடைத்த சுவரின் மேல் உட்கார வைக்கக் கூடாது. தரையிலிருந்து எழும்பும் இரும்பு ஸ்டாண்டில் தொட்டி நிற்க வேண்டும்; சுவர் அதைச் சுற்றி ஒரு சட்டம்போல் இருந்தால் போதும். சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். மாடி வீடாக இருந்தால் ஸ்டாண்டின் எடை எங்கே இறங்குகிறது என்பதை ஒரு பொறியாளர் வந்து பார்க்காமல் தொடங்காதீர்கள்.

சுவரை உடைக்கும் முன் திறப்புக்கு மேலே லிண்டல் போட்டாக வேண்டும். மேல்சுவரின் பாரம் ஒரு கிலோகூடக் கண்ணாடியில் இறங்கக் கூடாது. அந்தச் சுவரே கூரையைத் தாங்கும் சுவர் என்றால் வேறு சுவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் விட்டுப்போன ஒன்று உண்டு. செங்கல் சுவரின் கனம் பெரும்பாலும் நாலரை அங்குலம் அல்லது 9 அங்குலம். தொட்டியின் அகலமோ 18 அங்குலம். ஏதாவது ஒரு பக்கம் அது வெளியே துருத்திக்கொண்டுதான் நிற்கும். சாப்பாட்டு அறைப் பக்கம் ஓர் அலமாரி கட்டி அதற்குள் பின்பாகத்தை மறைத்து, கூடத்தில் மட்டும் முகம் தெரிய விடுங்கள் என்பது என் யோசனை. இரண்டு பக்கமும் திறந்த தொட்டியில் மீனுக்கு முதுகு சாய்க்க இடமில்லை. எந்தப் பக்கம் ஆள் நடந்தாலும் மிரளும். இரண்டு பக்கமும் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் நீளவாக்கில் மரக்கட்டையும் அடர்ந்த செடியும் வைத்து ஒளிய இடம் கொடுங்கள்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுவர்த் தொட்டி வைத்தபோது தண்ணீருக்கு மேலே நாலு விரல் இடம்தான் விட்டிருந்தேன். முன்பக்கம் அவ்வளவு அழகு. ஒரு நாள் இரவு மரக்கட்டைக்குப் பின்னால் ஏஞ்சல் மீன் ஒன்று செத்துக் கிடந்தது. கை போகவில்லை, வலையும் திரும்பவில்லை. விடிவதற்குள் தண்ணீர் கெட்டு இன்னும் ஏழு மீன்கள் போய்விட்டன. அந்த ஏழும் இன்றும் என் மனதை உறுத்துகின்றன. அதனால்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் முதலில் கை போகிற வழியைப் பாருங்கள் என்கிறேன். தொட்டியின் அடி தரையிலிருந்து 3 அடியில் இருந்தால், உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு நேராக மீன் நீந்தும். மேல்விளிம்பு நாலரை அடியில் வரும். அதற்கு மேலே இன்னும் ஒன்றரை அடியாவது காலியாக இருக்க வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறி முழங்கை வரை விட்டுத் துழாவ அந்த இடம் வேண்டும். முன்னால் மாட்டும் சட்டத்தைக் கழற்றும்படி செய்யுங்கள். நாளைக்கு ஒரு மூலையில் சிலிக்கான் விட்டுக் கசிந்தால், சுவரை மறுபடி உடைக்காமல் பின்பக்கமாகத் தொட்டியை வெளியே இழுக்க வழி இருக்க வேண்டும்.

தொட்டியைப் பதிப்பதற்கு முன் வெளியிலேயே நிரப்பி ஒரு வாரம் வையுங்கள். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன்மேல் ஒரு தெர்மோகோல் தகடு போட்டுத் தொட்டியை இறக்குங்கள். குளியலறைக்கு விற்கிற பூஞ்சணத் தடுப்பு சிலிக்கான் வேண்டாம், அது மீனுக்கு விஷம். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் மூடிய பொந்துக்குள் பிளைவுட் உப்பும், பூச்சு உதிரும். காற்று போய்வர மேலேயும் கீழேயும் சல்லடை வையுங்கள்.

பிளக் பாயிண்ட் தொட்டிக்குக் கீழே வேண்டாம், பக்கவாட்டில் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கொஞ்சம் கீழே தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வழிகிற சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும். மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது. ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதென்றால் குழாயில் செக் வால்வ் போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே இறங்கி வரும்.

கொத்தனார் இருக்கும்போதே பின்பக்கம் ஒரு குழாயும் வடிகாலும் கேட்டு வாங்குங்கள். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் 60 லிட்டர், அதாவது நாலு வாளி. அதைக் கூடம் வழியாகச் சுமந்தால் மூன்றாவது மாதமே அலுத்துவிடும், அந்த அலுப்பு மீனைத்தான் பாதிக்கும்.

கேள்வி: தொட்டி நிரப்பி மூன்று நாள் ஆகிறது. தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது. போன முறை வாங்கிய 12 மீன்களும் ஒரே வாரத்தில் செத்துவிட்டன. இப்போது மீன் விடலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள். தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அம்மோனியாவாகிறது. கண்ணுக்குத் தெரியாத அது செவுளை எரிக்கிறது. உங்கள் 12 மீன்களும் அநேகமாக இதனால்தான் போயிருக்கும். ஃபில்டரின் ஸ்பாஞ்சில் ஒரு வகை பாக்டீரியா குடியேறி அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை வந்து நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இதைத் தண்ணீர் மாற்றியும் செடி வளர்த்தும் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு குடும்பமும் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால் தொட்டி தயார். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் தன் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு பாக்டீரியா அத்தனையும் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒரு வாளிக்குள் பிழிந்தால் போதும்.

1850-லேயே ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் தங்கமீனையும் நீர்ச்செடியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். செடியின் பழுத்த இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. நத்தைகளை விட்டதும் அவை அழுகலைத் தின்று தண்ணீர் தெளிந்தது. ஓர் உயிரின் கழிவை இன்னோர் உயிர் தின்றால்தான் தொட்டி வாழும் என்பதை அவர் கண்ணாலேயே பார்த்துப் புரிந்துகொண்டார். பாக்டீரியாவைத்தான் நம்மால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அறையில் பெயிண்ட் அடித்த வாடை முழுதாகப் போன பிறகே தொட்டியை நிரப்புங்கள். ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. கொசு, கரப்பான் ஸ்பிரேயில் உள்ள மருந்து மனிதனை விட மீனுக்கு மிகக் கொடியது. தொட்டி இருக்கும் அறையில் அடிக்கவே அடிக்காதீர்கள்.

கேள்வி: நாலடித் தொட்டி. பிள்ளைகள் ஏஞ்சல், நியான் டெட்ரா, தங்கமீன், சுத்தம் செய்யப் பாசி மேயும் சக்கர் மீன் ஒன்று என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். சேருமா?

பதில்: சேராது. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் கேட்கும், கழிவும் அதிகம். அதற்குத் தனித் தொட்டிதான். ஏஞ்சல் சின்னதாக இருக்கும்போது நியானோடு சாதுவாக நீந்தும். வளர்ந்ததும் மூன்று, நாலு சென்டிமீட்டர் நியான் அதன் கண்ணுக்கு இரைதான். ஒரு நாள் காலையில் எண்ணிக்கை குறையும், பிள்ளைகள் அழுவார்கள்.

இரண்டில் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். ஏஞ்சல் என்றால் குட்டியாக ஐந்து, அடியில் மேய கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி ஆறு. ஏஞ்சலில் இரண்டு மீன்கள் தமக்குள் ஜோடி சேர்ந்துவிட்டால் மற்றவற்றை விரட்டும், அப்போது பிரித்து வைக்க ஒரு தொட்டி வேண்டியிருக்கும். நியான் என்றால் இருபது வாங்குங்கள். இருபதும் ஒன்றாகத் திரும்பும்போது சுவரில் ஒரு நீலக்கோடு வளைகிற மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். நியானோடும் கோரிடோராஸ் ஒத்துப்போகும். வெப்பம் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும்.

எதையும் ஒரே நாளில் விடாதீர்கள். புது மீனை இரண்டு, மூன்று வாரம் சின்னத் தொட்டியில் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். சுவருக்குள் நோய் புகுந்தால் மருந்து போடவும் மீனைப் பிடிக்கவும் படுகிற பாடு அதிகம்.

கேள்வி: கண்ணாடி முழுக்கப் பச்சை. சுரண்டிச் சுரண்டிக் கை வலிக்கிறது.

பதில்: எதிரே ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள். விளக்கை டைமரில் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் இப்போது ஓர் அடியைத் தாண்டிவிட்டது. பக்கத்து ஏரியில் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. அது தென் அமெரிக்க மீன். ஒன்றரை அடி வரை வளரும். இப்படி யாரோ பரிதாபப்பட்டு விட்டதால்தான் பல நாடுகளின் ஏரி குளங்களில் பெருகி, கரையைக் குடைந்து முட்டையிட்டு, அங்கே முன்பே வாழ்ந்த மீன்களின் இரையையும் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருப்பவரையோ, திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரரையோ தேடுங்கள். கிடைக்கும் வரை மூடியின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள், அந்த அளவு மீன் துள்ளினால் லேசான மூடி நிற்காது.