பப்மெடில் ககன்தீப் காங் கட்டுரைகள்: வேறு ஆட்கள் வந்து குவிவது ஏன்?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெடில் ககன்தீப் காங்கைத் தேடும்போது ‘காங் ஜி’ (Kang G) என்று சுருக்கிப் போடாதீர்கள். முழுப்பெயரோடு ரோட்டாவைரஸ் (குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் வைரஸ்) என்றும் சேர்த்துத் தேடுங்கள். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்த அவரைத் தேடினால் சம்பந்தமில்லாத புற்றுநோய்க் கட்டுரைகள் கொட்டுவதற்கு அந்தச் சுருக்கம்தான் காரணமாக இருக்கும். அதே சுருக்கத்தில் கொரியர்களும் சீனர்களும் ஏராளமாக எழுதுகிறார்கள்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, 2011இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ரோட்டாவைரஸ் ஆய்வு பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். வேலூர்க் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை பின்தொடர்ந்த அருமையான வேலை அது. அதன் ஆசிரியர் வரிசையில் காங்கின் பெயர் கடைசியில் இருக்கும். மருத்துவ ஆய்வில் அது பெரும்பாலும் வழிநடத்தியவரின் இடம். முதல் பெயரை மட்டும் எண்ணி அவரை எடைபோட வேண்டாம்.

அப்புறம், 2002க்கு முந்தையவற்றில் முழுப்பெயர் பெரும்பாலும் இருக்காது. அவற்றுக்கு மட்டும் சுருக்கத்தோடு வேலூர் என்றும் சேர்த்துத் தேடுங்கள். அப்போதெல்லாம் முதல் ஆசிரியரின் முகவரியைத்தான் பதிவார்கள், அதனால் சில நழுவும்.