எட்டு மாதக் குழந்தைக்குக் கண் அழுத்த நோய். சொட்டு மருந்து போட்டுக்கொண்டு ஆபரேஷனை இரண்டு வயது வரை தள்ளலாமா?

தள்ளாதீர்கள். மயக்க மருந்துக்குப் பயந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் பயந்தோம்.

என் மகளுக்கு இப்போது 9 வயது. இரண்டாவது மாதத்திலிருந்தே கண்ணில் நீர் வடியும். வெயிலில் தூக்கிப்போனால் முகத்தை என் தோளில் புதைத்துக்கொள்வாள். "கண்ணு எவ்வளவு பெருசு!" என்று எல்லோரும் கொஞ்சினார்கள், நானும் திருஷ்டிப் பொட்டு வைத்தேன். ஊர் டாக்டர் கண்ணீர்க் குழாய் அடைப்பு, மூக்கோரம் நீவிவிடுங்கள் என்றார். மூன்று மாதம் நீவினேன். கருவிழி ஆவி படிந்த மாதிரி வெளுத்த பிறகுதான் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மயக்கம் கொடுத்து அளந்தார்கள். பிறந்த குழந்தைக்குக் கருவிழி 10 மில்லிமீட்டர் போல இருக்குமாம். இவளுக்கு 13. அழுத்தம் தாங்காமல் கண்ணே விரிந்திருக்கிறது.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வடிகால் இந்தக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சரியாக அமைவதில்லை. சொட்டு மருந்து அதைத் திறக்காது. ஆபரேஷன் வரை அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அதிலும் பிரிமோனிடின் என்ற கண் அழுத்தச் சொட்டு கைக்குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடும். வீட்டில் பெரியவர்கள் போடும் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

கருவிழி தெளிவாக இருந்தால் அதன் வழியே பார்த்துக்கொண்டே அந்த வடிகாலை உள்ளிருந்து கீறித் திறக்கலாமாம், அதற்குக் கோனியோடமி என்று பெயர். இவளுக்கு அது முடியவில்லை. வடிகாலை வெளிப்பக்கத்திலிருந்து திறக்கும் டிராபெகுலோடமி, நீருக்குப் புது வழி போடும் டிராபெகுலெக்டமி இரண்டையும் சேர்த்து இரண்டு கண்ணுக்கும் செய்தார்கள். நீவியே வீணாக்கிய அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வராது. ஆறு வயதில் இடது கண்ணில் பிரஷர் மறுபடி ஏறியது. அப்புறம் மதுரை ஆரோலேப் தயாரிக்கும் வடிகால் குழாயைப் பொருத்தினார்கள். குழாயை நூலால் கட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்த பிறகுதான் நீர் வடியத் தொடங்கும், அதுவரை சொட்டு விட வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லை என்று யாராவது கீழே எழுதலாம். அப்படியும் நடக்கும், அழுத்தத்தால் கெட்டுப்போன கண் நரம்பு திரும்பாது. என் மகளுக்கும் இடது கண் மங்கல்தான். ஆனால் வலது கண்ணால் பாடப் புத்தகம் படிக்கிறாள். இரண்டு வயது வரை விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் என் சொந்த அத்தை மகன். கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதென்று அத்தை இன்றுவரை சொல்கிறார். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று கெட்ட மரபணு இரண்டு சேர்ந்ததால் வந்தது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். அன்று வாயைத் திறக்காதவர் என் கணவர். வீட்டில் அம்மாவிடம் இன்னும் திறக்கவில்லை. சொந்தத்தில் கட்டாதவர்களின் பிள்ளைகளும் அந்த வார்டில் இருந்தார்கள்.

அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். பையன் பிறந்த அதே வாரம் நானே அவனைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். அவன் கண் நன்றாக இருக்கிறது.